பின்சில்லு தரையில் நிக்க வேணும்

எங்கட பட்சில் ஒரு நண்பன் இருக்கிறான். பெயர் வேண்டாம், இதை அவனும் வாசிப்பான். போன வருசம் தன்ர 150 சீசீ பைக்கின் பின்சில்லுக்கு அகலமான ரயர் ஒண்டைப் போட்டான். றிம் பழைய றிம்தான், மாத்தேல்ல. வடிவுக்காகப் பின் ஷொக்கையும் ஒரு அங்குலம் இறக்கினான். பைக் பார்க்க உண்மையிலேயே வடிவாத்தான் இருந்தது. நாங்கள் எல்லாரும் மாறி மாறி ஏறியிருந்து படம் எடுத்தனாங்கள். ஒரு மாதம் முடியேல்ல. கைதடிப் பக்கம் ஒரு வளைவில் பைக் திருப்பின அளவுக்குத் திரும்பாமல் அகலப் போய் வேலிக்குள் விழுந்தது. அவன்ர காறை எலும்பு முறிஞ்சுது.

வோட்டில் படுத்திருந்தபடி அவன் சொன்னான்: "கடைசி நேரம் பயந்திட்டன் மச்சான். பயப்படாமல் இன்னும் கொஞ்சம் சரிச்சிருந்தால் எடுத்திருப்பன்." பைக்கைத் திருத்த எடுத்த கராஜ் அண்ணை சொன்னது வேற: "அவன் பயந்ததில ஒரு பிழையும் இல்லைத் தம்பியவை. சில்லு தரையில நிக்கேல்ல. அதுக்கு அவன் என்ன செய்யிறது?"

நாங்கள் வரலாறு படிக்கிற ஆக்கள். ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. ஆனால் இந்த இரண்டு பதிலும் எங்களைச் சும்மா இருக்க விடேல்ல. தேடி வாசிக்கத் தொடங்கினபோது ஒன்று விளங்கியது. வளைவை எடுப்பது நெஞ்சுத் துணிவா, ஸ்பிரிங்கா என்ற இந்தச் சண்டை எங்கட நண்பனுக்கும் கராஜ் அண்ணைக்கும் கனகாலம் முன்னமே, வேற ஒரு தீவில் நடந்து முடிந்த சண்டை.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களின் பின்சில்லுக்கு ஸ்பிரிங் இல்லை. முன்சில்லுக்கு ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் சீக்கிரமே வந்துவிட்டது. பின்சில்லை மட்டும் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டிவிட்டு, ஓடுகிறவரின் இடுப்பைக் காப்பாற்ற சீற்றுக்குக் கீழே இரண்டு ஸ்பிரிங்கை வைத்தார்கள். வேறு வழி தெரியாமல் அல்ல. அமெரிக்காவில் இந்தியன் கம்பெனி 1913 இலேயே பின்பக்கம் இலைவில்லு வைத்த பைக்கை விற்றது. 1928 இல் இங்கிலாந்தில் பிலிப் வின்சென்ட் என்ற இளைஞரும் இத்தாலியில் மோட்டோ குட்சி கம்பெனியும் பின்சில்லுக்கு ஸ்பிரிங் வைத்த பைக்குகளைச் செய்தார்கள். ஆனால் ரேஸ் ஓடுகிறவர்கள் நம்பவில்லை. பின்சில்லு அசைந்தால் வளைவில் பைக் வாலாட்டும் என்பது அவர்களுடைய பயம். இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடாது. அந்தக் காலத்து இணைப்புகள் சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்ந்தால் சில்லு மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் ஆடும். ஆடுகிற சில்லை விட ஆடாத சில்லு மேல் எண்டு அவர்கள் நினைத்ததில் நியாயம் இருந்தது.

அந்த நியாயம் உடைந்த இடம் மான் தீவு. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் கடலில் கிடக்கும் சின்னத் தீவு அது. அங்கே 1907 தொடக்கம் டிடி எண்டு ஒரு ரேஸ் நடக்கிறது. ரேஸ் ட்ராக் எண்டு ஒன்று தனியாக இல்லை. சனம் வழமையாகப் போய் வாற றோட்டைத்தான் மூடி ஓடுவார்கள். மலைச் சுற்று எனப்படும் பாதை ஒரு சுற்றுக்கு 37.73 மைல். கல்மதில், வீட்டு வாசல், பாலம், மேடு, பள்ளம் எல்லாம் அதுக்குள் வரும். இன்றுவரை அங்கே இறந்தவர்களின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டிவிட்டது.

1935 இல் சீனியர் டிடி, 500 சீசீ, ஏழு சுற்று. ஒரு பக்கம் நோர்ட்டன் கம்பெனியின் ஜிம்மி கத்ரி. அவருடைய பைக்குக்குப் பின் ஸ்பிரிங் இல்லை. மற்றப் பக்கம் டப்ளின்காரர் ஸ்டான்லி வூட்ஸ். முன்னர் நோர்ட்டனுக்கே ஓடி வென்றவர், பிறகு அங்கிருந்து விலகியவர். இப்போது அவர் வந்திருந்தது இத்தாலியின் மோட்டோ குட்சியில், பின்சில்லுக்கு ஸ்பிரிங் வைத்த பைக்கில். அந்த ரேஸில் ஓட்டக்காரர்கள் ஒன்றாகப் புறப்பட மாட்டார்கள், நேர இடைவெளி விட்டு விடுவார்கள். ஆகவே முன்னால் போகிறவர் தான் வெல்கிறாரா எண்டு தன்ர பிட்டில் காட்டும் சைகையைப் பார்த்துத்தான் அறியலாம். கடைசிச் சுற்று தொடங்கேக்க வூட்ஸ் கிட்டத்தட்ட அரை நிமிடம் பின்னால். அதோட அவருடைய பிட்டில் பெற்றோல் நிரப்ப ஆயத்தம் செய்துகொண்டு நின்றார்கள். நோர்ட்டன் ஆக்கள் அதைப் பார்த்தார்கள். அவர் நிற்கப் போகிறார், இனிப் பயமில்லை எண்டு கத்ரியை நிதானமாக ஓடச் சொல்லிச் சைகை காட்டினார்கள். வூட்ஸ் நிற்கவே இல்லை. பிட்டில் நடந்த ஆயத்தம் வெறும் நடிப்பு. கத்ரி ஓடி முடித்து வாழ்த்தும் வாங்கத் தொடங்கிவிட்டார். பிறகுதான் கணக்கு வந்தது: வூட்ஸ் 4 செக்கன் முன்னுக்கு.

தந்திரத்தால் வென்றார் எண்டு சொல்லலாம். ஓம், அதுவும் இருக்கு. ஆனால் அரை நிமிடத்தை ஒரே சுற்றில் தின்ன தந்திரம் மட்டும் காணாது. அடுத்த வருசமே நோர்ட்டன் தன்ர ரேஸ் பைக்குக்குப் பின் ஸ்பிரிங் வைத்தது. வாயால் ஒத்துக்கொள்ளாததைப் பட்டறையில் ஒத்துக்கொண்டார்கள். கத்ரி அந்த 1936 சீனியரை வென்றார். 1937 இல் ஜெர்மனியில் நடந்த ரேஸில் இறந்தார்.

இங்கே கொஞ்சம் நிண்டு, வளைவில் என்ன நடக்கிறது எண்டு பார்ப்போம். எங்களுக்கு இது விளங்க ஒரு கிழமை எடுத்தது. நண்பன்ர தம்பி, கணிதப் பிரிவில் படிக்கிறவன், ஒரு கொப்பித் தாளில் கீறிக் காட்டினான்.

நேர் றோட்டில் போகேக்க மேடு பள்ளம் சில்லை மேலும் கீழும் தள்ளும், ஸ்பிரிங்கும் மேலும் கீழும் வேலை செய்யும். அது சுகம். வளைவில் பைக் சரிந்து நிற்கிறது. பைக்கையும் ஆளையும் உள்பக்கம் இழுத்து வைத்திருப்பது இரண்டு ரயரும் றோட்டைத் தொடும் இரண்டு சின்ன இடங்கள் மட்டும்தான். ஒவ்வொன்றும் ஒரு உள்ளங்கை அளவு வருமோ தெரியாது. ஒரு கல்லில் ஏறிச் சில்லு ஒரு நொடி தரையை விட்டால், அந்த நொடியில் பைக்கை உள்ளே இழுக்க ஒன்றும் இல்லை. பைக் வெளிப்பக்கம் நழுவும். ஸ்பிரிங்கின் வேலை ஆளுக்குச் சுகம் கொடுப்பது எண்டுதான் நாங்கள் எல்லாரும் நினைச்சனாங்கள். அது இரண்டாவது வேலை. முதல் வேலை சில்லைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது.

இன்னொன்று. 45 பாகை சரிந்தால் பைக் தன்ர சட்டத்தின் வழியாகத் தாங்கும் பாரம் சாதாரண பாரத்தைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. அதாவது வளைவுக்குள் போனதும் ஸ்பிரிங் தானாகவே இன்னும் அமுங்கும். ஏற்கெனவே இறக்கின ஷொக் என்றால் அமுங்க இடம் இருக்காது, அடியில் போய் முட்டும். முட்டின பிறகு அது ஸ்பிரிங் இல்லை, இரும்புக் கம்பி. எங்கட நண்பன் காசு கொடுத்து 1935 ஆம் ஆண்டுக் கத்ரியின்ர பைக்குக்குத் திரும்பிப் போயிருக்கிறான்.

ஸ்பிரிங் மட்டும் இருந்தாலும் சரிவராது. அமுக்கி விட்ட ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்கும், அந்தத் துள்ளலிலும் சில்லு தரையை விடும். துள்ளலை அடக்க ஒரு குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் சின்னத் துளை உள்ள ஒரு பிஸ்டன். எண்ணெய் துளையால் மெல்ல மெல்லத்தான் போகும், ஸ்பிரிங்கும் மெல்லத்தான் திரும்பி வரும். 1935 இல் பிஎம்டபிள்யூ முன் ஃபோர்க்குக்கு இப்படி எண்ணெய் வைத்து விற்கத் தொடங்கியது. பின்சில்லுக்கு இதை ஒழுங்காகச் செய்த கதைக்கு பெல்பாஸ்ட் நகரத்துக்குப் போக வேணும்.

பெல்பாஸ்டுக்கு ஏற்கெனவே இந்த வரலாற்றில் ஒரு இடம் இருக்கிறது. ஜோன் பொய்ட் டன்லொப் என்ற ஸ்கொட்லாந்துக்கார மிருக வைத்தியர் தன்ர மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்குக் காற்றடித்த ரயர் செய்து, 1888 இல் காப்புரிமை எடுத்தது அங்கேதான். (ரொபர்ட் தொம்சன் எண்டு இன்னொருவர் நாற்பது வருசம் முன்னமே அதே எண்ணத்துக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். ஆனால் அப்போது அதைப் பூட்ட சைக்கிள் இல்லை. முதலில் வந்தவருக்கு ஒன்றும் கிடைக்காத கதை வரலாற்றில் கனக்க இருக்கு.)

அதே நகரத்தில் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கேக்க ரெக்ஸ் மக்கன்ட்லெஸ் என்ற மெக்கானிக், தம்பி குரோமியோடு சேர்ந்து ஒரு பைக்கைக் கட்டினார். தானாகப் பார்த்துப் பழகின தொழில். பின்சில்லை ஒரு நீளமான கையில் பூட்டி, அந்தக் கையின் முன்பக்கத்தைச் சட்டத்தில் அகலமாக, இறுக்கமாக இணைத்தார். மேலும் கீழும் ஆடலாம், பக்கவாட்டில் ஆட ஏலாது. எண்ணெய் ஷொக்குக்கு அவர் எடுத்தது சிட்ரோவன் காரின்ர ஷொக். போர்க்காலத்தில் கிடைத்ததை வைத்துச் செய்வது எங்கட ஊர் ஆக்களுக்குப் புதுசில்லை. பெற்றோல் இல்லாத நாட்களில் மண்ணெண்ணெயில் பைக் ஓடின தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். அந்த சிட்ரோவன் ஷொக்கைப் பற்றி வாசித்தபோது மக்கன்ட்லெஸ் எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

நோர்ட்டன் 1936 இல் வைத்த பின் ஸ்பிரிங் அரைகுறையானது. சில்லின் அச்சு இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் குழாய்க்குள் மேலும் கீழும் வழுக்கும், அவ்வளவுதான். அசையும் தூரம் குறைவு. ஒரு பக்கம் கூட அமுங்கினால் சில்லு முறுகும். பாரமான அந்தச் சட்டத்தைப் படலைச் சட்டம் எண்டு பகிடி பண்ணுவார்கள், தோற்றம் அப்படி. நோர்ட்டனிடம் இருந்தது 1930களின் தொடக்கத்தில் வரைந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். இத்தாலியின் ஜிலேரா நாலு சிலிண்டரோடு வந்து நின்றது. நேர் றோட்டில் பிடிக்க ஏலாது. ஆகவே வளைவில்தான் பிடிக்க வேணும். மக்கன்ட்லெஸைக் கூப்பிட்டார்கள்.

அவர் கொடுத்த சட்டம் 1950 இல் ஓடத் தொடங்கியது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய், எஞ்சினைச் சுற்றி வளைந்து கழுத்தடியில் ஒன்றையொன்று கடந்து போகும். எஞ்சினைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார், முன்சில்லில் பாரம் கூட விழட்டும் எண்டு. பின்னால் அந்த ஆடும் கை, இரண்டு எண்ணெய் ஷொக். ஓடிப் பார்த்த ஹரோல்ட் டானியல் இறகு மெத்தையில் படுத்த மாதிரி இருக்கு எண்டு சொல்ல, அதுவே பெயராக நிலைத்துவிட்டது: ஃபெதர்பெட். அந்த வருசம் மான் தீவில் சீனியர், ஜூனியர் இரண்டு ரேஸிலும் முதல் மூன்று இடமும் நோர்ட்டனுக்கு. சீனியரை வென்றவர் ஜெஃப் டியூக், அந்தக் குழுவில் அவருக்கு அது முதல் வருசம். எஞ்சின் பழையது, ஓட்டக்காரர் புதியவர், சட்டம் மெக்கானிக்கின்ர. இருந்தாலும் சனம் நினைவில் வைத்திருப்பது டியூக்கின் பெயரைத்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் 1950 ஜூலையில் நடந்ததுதான் எங்களுக்கு இந்த வரலாற்றின் நடு முடிச்சாகத் தெரிகிறது. பெல்ஜியத்தில் டியூக் முன்னுக்கு ஓடிக்கொண்டிருக்கேக்க ரயரின் மேற்தோல் கழன்று பறந்தது. அடுத்த கிழமை நெதர்லாந்தில் திரும்பவும் அதே பிரச்சினை, டியூக் விழுந்தார். புதிய சட்டம் சில்லைத் தரையோடு அவ்வளவு நல்லாப் பிடித்து வைத்தது, ஓட்டக்காரர்கள் வளைவில் முன்னரை விட வேகமாகவும் கூடச் சரித்தும் போனார்கள், அந்தப் பாரம் எல்லாம் ரயரில் போய் இறங்கியது. பழைய சட்டத்துக்கு ஏற்ற ரயர் அது. நேற்றுவரை சட்டம் தாங்காமல் விட்ட இடத்தில் இன்று ரயர் தாங்காமல் விட்டது. அந்த வருசம் 500 சீசீயில் டியூக் வென்றது மூன்று ரேஸ், ஜிலேராவின் உம்பேர்த்தோ மசெத்தி வென்றது இரண்டு. உலகப் பட்டம் போனது மசெத்திக்கு, 28க்கு 27. ஒரு புள்ளி. 1951 இல் டியூக் 350, 500 இரண்டு பட்டத்தையும் எடுத்தார்.

ரயர் என்றால் ரப்பர். ரப்பர் என்ற சொல் வந்ததும் கதை மான் தீவை விட்டு எங்கட தீவுக்கு வருகிறது. பிரேசிலில் இருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகள் 1876 இல் கம்பகாவுக்குக் கிட்ட உள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. கொஞ்சக் காலம் அவை வெறும் அதிசய மரம். சைக்கிளும் காரும் காற்றடித்த ரயரில் ஓடத் தொடங்கின பிறகுதான் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் ரப்பர்க் காடாக மாறியது. டன்லொப் கம்பெனி 1910 தொடக்கம் மலாயாவில் சொந்தமாகவே தோட்டங்களை வாங்கியது. அங்கே மலாயாவிலும் இங்கே இலங்கையிலும் விடியமுன் எழும்பி மரம் சீவினவர்களில் பெரும்பங்கு தென்னிந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள். இங்கே சிங்களக் கிராமத்தவர்களும் கூட. 1942 இல் யப்பான் மலாயாவைப் பிடித்த பிறகு பிரிட்டனுக்கும் கூட்டாளிகளுக்கும் மிஞ்சின பெரிய ரப்பர்க் கொட்டில் இலங்கைதான். மரம் சாகுமளவுக்குச் சீவச் சொல்லி உத்தரவு வந்தது.

டியூக்கின் ரயரில் இலங்கைப் பால்தான் இருந்தது எண்டு நாங்கள் சொல்ல வரேல்ல. ஆனால் வருசத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம். 1949 இல் மலையகத் தமிழரின் வாக்குரிமையும் போனது. 1950 இல் ஐரோப்பாவில் ரயர் ஏன் பிய்ந்தது எண்டு பத்திரிகைகள் எழுதினபோது, ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தவருக்குத் தேர்தலில் ஒரு வாக்குப் போட ஏலாது. மோட்டார் சைக்கிள் வரலாறு எழுதுகிற ஆக்கள் எஞ்சினின் போர், ஸ்ட்ரோக் வரை எழுதுகிறார்கள். ரப்பர் எங்கிருந்து வந்தது எண்டு ஒரு வசனம் தேடி நாங்கள் களைத்துப்போனோம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ரயருக்கும் சட்டத்துக்கும் இடையில் அந்தத் துரத்தல் நிற்கவேயில்லை. 1960களில் ஈர றோட்டுக்கு ஒரு செயற்கை ரப்பர் கலவை பரவியது. இயற்கை ரப்பர் அமுக்கினால் உடனே துள்ளித் திரும்பும். இது சோம்பேறி ரப்பர், மெல்லத்தான் திரும்பும், அதனால் றோட்டின் சொரசொரப்பைக் கூட நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். அதே காலத்தில் டன்லொப் முக்கோண வடிவ ரேஸ் ரயர் செய்தது: நிமிர்ந்து ஓடேக்க கூர்ப்பகுதி மட்டும் தொடும், சரிந்தால் பக்கத்தின் அகலம் முழுக்கத் தொடும். ரயர் பிடிக்கத் தொடங்கியதும் சட்டம் முறுகியது, ஷொக் காணாமல் போனது. லூசியன் டில்கென்ஸ் என்ற பெல்ஜியப் பொறியியலாளர் இரண்டு ஷொக்குக்குப் பதிலாக ஒன்றைச் சீற்றுக்குக் கீழே நீளமாக வைத்தார். யமஹா அதை வாங்கி, 1973 இல் ஹாகன் அன்டர்சன் அதில் மொட்டோகுரொஸ் 250 உலகப் பட்டம் எடுத்தார். இன்று எங்கட ஊர்ப் பெடியள் மொனோ ஷொக் எண்டு பெருமையாச் சொல்லுறது அதன் பேரப்பிள்ளை.

என்ஃபீல்டு புல்லட்டை விட்டால் சிலர் கோவிப்பினம். ஆடும் கையும் எண்ணெய் ஷொக்கும் வைத்த புல்லட்டை இங்கிலாந்தின் ரெட்டிச்சில் 1948 இல் காட்டினார்கள், அப்பவும் சிலர் சந்தேகமாத்தான் பார்த்தார்கள். அதே வருசம் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில் அதில் ஓடி வந்தவர்கள் தங்கப் பதக்கம் எடுத்தார்கள். 1955 இல் மதராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூர்ப் பட்டறையில் பிறகு கனகாலம் கட்டினது அந்த வழி வந்த பைக்கைத்தான்.

இவ்வளவையும் வாசித்து முடித்துவிட்டுப் போன மாதம் திரும்பக் கராஜுக்குப் போனோம். நண்பனையும் கூட்டிக்கொண்டு. அண்ணை பழைய அகல ரயரை வெட்டவெளியில் வைத்துக் காட்டினார். ஒடுங்கின றிமில் ஏற்றினதால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடு முதுகு கூனிப்போய் இருந்தது. தேய்ந்ததும் அந்தக் கூனில் ஒரு கோடு மட்டும். மற்ற ரப்பர் முழுக்கப் புதுசு. காசு கொடுத்து வாங்கின அகலத்தில் ஒரு விரலளவு கூட றோட்டைத் தொடவில்லை. அதோட பின்பக்கம் இறங்கினால் முன் ஃபோர்க் படுத்துவிடும், ஹான்டில் பாரமாகும், திருப்பினால் சுணங்கித்தான் திரும்பும் எண்டும் சொன்னார். நண்பன் ஒன்றும் கதைக்கேல்ல. ரயரைக் கையால் தடவிக்கொண்டு நிண்டான்.

இப்ப அந்த பைக்கில் கம்பெனி சொன்ன அளவு ரயர், பழைய உயரத்தில் ஷொக். பின்னால் ஆள் ஏறினால் ஸ்பிரிங்கை ஒரு பல் இறுக்க வேணும், இறங்கினால் திரும்ப இளக்க வேணும் எண்டு அண்ணை சொல்லிக் கொடுத்து, அதுக்குரிய வளைந்த ஸ்பானரையும் கையில் தந்துவிட்டார். சீற்றுக்குக் கீழே அது எப்பவும் இருந்த இடம்தானாம், எங்களில் ஒருத்தரும் திறந்து பார்க்கேல்ல.

வாற வழியில் காற்றுப் பார்க்க பெற்றோல் ஷெட்டுக்குப் போனோம். அங்கே மீற்றரின் கண்ணாடி உடைந்து, முள் ஒரே இடத்தில் நிண்டது. காற்றடிக்கிற ஐயா ரயரில் ஒரு குத்துக் குத்திப் பார்த்து, "காணும் தம்பி, போங்கோ" என்றார். நாங்கள் ஆளுக்குக் கொஞ்சக் காசு சேர்த்து ஒரு மீற்றர் வாங்கியிருக்கிறோம். ஹொஸ்டலில் இருக்கு, தேவையான ஆக்கள் வந்து வாங்கலாம். திருப்பித் தர வேணும்.